படர்தாமரை என்று நினைத்தேன்: சர்ரேயில் ஒரு நாள் நடையும் ஓர் உண்ணியும்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரேயில் தர்ஸ்லி காமன் என்று ஓர் இடம் இருக்கிறது. 2024 ஜூன் 22, சனிக்கிழமை, அங்கே தனியாக நடக்கப் போனேன். சுற்றி வந்தால் பத்துக் கிலோமீட்டர் வரும். ஏற்றம் இறக்கம் பெரிதாகக் கிடையாது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிற இடம். அப்படிப்பட்ட நடைக்குப் போய்விட்டு வந்த எனக்கு, ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் முகத்தின் இடது பாதி அசையாமல் நின்றுவிட்டது. நாலு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. கையைவிட்டுப் போன சம்பளம் மட்டும் சுமார் 1,600 பவுண்டு, நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காரணம் கசகசா அளவில் ஓர் உண்ணி, அது கடித்து வந்த லைம் என்ற நோய். இங்கே வந்த புதிதில் விசா, வீட்டு வாடகை, வரி என்று ஆளாளுக்கு எனக்கு எவ்வளவோ சொன்னார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் தேனிப் பக்கம். படிக்க வந்து, படித்து முடித்து, இப்போது மணிக்கணக்குச் சம்பளத்தில் கணக்கு வேலை. வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து, சனிக்கிழமையானால் எங்கேயாவது பச்சையாகப் பார்க்கணும் என்று கண் கேட்கும். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒரு படம் காட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஊதாப் பூ, நடுவில் ஒரு மரப்பலகைப் பாதை. ‘ஈஸியான நடைதான், ஷூ இருந்தால் போதும்’ என்றார். நான் அந்தப் படத்தை நம்பிப் போனேன். அந்தப் பூ ஆகஸ்டில் பூப்பது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஜூனில் பெரும்பாலும் பழுப்பும் பச்சையும்தான். பெல் ஹெதர் என்கிற வகை மட்டும் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பூக்க ஆரம்பித்திருந்தது. சரி, முதல் ஏமாற்றம் அது, அதில் செலவு ஒன்றும் இல்லை.

கோடால்மிங் வரை ரயில், அங்கிருந்து எல்ஸ்டெட் என்ற கிராமத்துக்கு பஸ். கிராமத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் மோட் என்ற குளம் வருகிறது. அதைத் தாண்டினால் ஹீத் தொடங்கிவிடுகிறது. ஹீத் என்றால் என்னவென்று நம்மில் பலருக்கும் பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. காடும் இல்லை, புல்வெளியும் இல்லை. சத்தில்லாத மணல் தரையில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர், நடுநடுவே மஞ்சள் பூ பூக்கும் முள்ளுச்செடி, தூரத்தில் பைன் மரங்கள். அந்த முள்ளுச்செடியின் பெயர் கோர்ஸ். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இன்றைக்கு நீலகிரிப் புல்வெளிகளில் பரவித் தொல்லை தருவது இதேதான். அங்கே வந்தேறி, இங்கே சொந்த ஊர்க்காரன்.

இந்தப் பொட்டலும் தானாக வந்தது இல்லை. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் மரத்தை வெட்டி, ஆடு மாடு மேய்த்து, விறகுக்கும் கூரைக்கும் புதரை அறுத்து அறுத்து உண்டாக்கியது. ‘காமன்’ என்ற பெயரே அதற்குத்தான், நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. சுற்றுவட்டாரத்துக் குடிகளுக்கு மேய்க்கவும் வெட்டவும் உரிமை இருந்த நிலம். மேய்ச்சல் நின்றால் பத்திருபது வருஷத்தில் பர்ச் மரமும் பைன் மரமும் மூடிவிடும். அதனால்தான் இயற்கைக் காப்பகம் என்று பலகை வைத்துவிட்டு, ஆட்களை விட்டு மரக்கன்றுகளைப் பிடுங்குகிறார்கள். 1800-லிருந்து பார்த்தால் இந்த நாட்டின் தாழ்நில ஹீத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். இருக்கிறதையும் நெருப்பு விடுவதில்லை. 2020 மே கடைசியில் தர்ஸ்லி பற்றி எரிந்து பலகைப் பாதையில் ஒரு பகுதியும் கருகிப்போய், பிறகு புதிதாகப் போட்டார்கள். கரிப்பிடித்த மரங்கள் சில நான் போனபோதும் நின்றுகொண்டிருந்தன.

பலகைப் பாதையில் நடந்தது மட்டும் எவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகும் மனதில் நல்லதாகவே இருக்கிறது. கீழே சதுப்பு. பஞ்சு மாதிரி பாசி, அதன்மேல் நகக்கண் அளவில் சிவப்பு இலைகள், ஒவ்வோர் இலையின் மயிர்க்காலிலும் ஒரு பிசின் துளி. சன்டியூ என்ற பூச்சி தின்னும் செடி. குப்புறப் படுத்துப் பார்த்தால் பக்கத்தில் தட்டான் பறக்கிற சத்தமே கேட்கும். இருபது வகைக்கு மேல் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன. மரத்தட்டியில் ஒரு பல்லி வெயில் காய்ந்தது. பலகைமேல் இருந்தவரை எனக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் நடந்தால் உண்ணி நம்மேல் தொற்றும் வாய்ப்பு குறைவு.

தர்ஸ்லி கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் உண்டு. 1786-இல் போர்ட்ஸ்மத் சாலையில் நடந்துபோன பெயர் தெரியாத ஒரு மாலுமியை மூன்று பேர் கொன்றார்கள். வழியில் அவன்தான் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தானாம். அடுத்த வருஷம் அவர்களைப் பக்கத்தில் உள்ள குன்றின் மேல் தூக்கிலிட்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, தனியாக நடக்கிறோமே என்று ஒரு கணம் பயந்தேன். பயப்பட வேண்டியது மனிதர்களுக்கு என்று நினைத்தேன், பாருங்கள்.

திரும்பும் வழியில் பைன் மரங்களுக்குள் புகுந்தேன். ஒரு மணி இருக்கும், பசி. மூன்று பெஞ்சு பார்த்தேன், மூன்றிலும் ஆள். எனக்கு நிழல் வேண்டும், யாரும் பார்க்காமல் கையால் சாப்பிட வேண்டும். பாதையை விட்டு இருபது அடி விலகி, இடுப்பளவு வளர்ந்த பிராக்கன் என்கிற பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு போய், ஒரு மரத்தடியில் காய்ந்த சருகுமேல் அப்படியே உட்கார்ந்தேன். முட்டிக்குக் கீழே நிற்கிற கறுப்பு லெக்கிங்ஸ். கணுக்காலுக்குக் கீழ் சாக்ஸ். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தும் தூங்கினேன். செய்யக்கூடாத அத்தனையையும் ஒரே இடத்தில் செய்திருக்கிறேன்.

உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழாது. புல் நுனியிலோ பெரணி நுனியிலோ ஏறி, பின்கால்களால் இலையைப் பிடித்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் காற்றில் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மான், நாய், மனிதன் யார் உரசினாலும் தொற்றிக்கொள்ளும். அப்புறம் மெதுவாக ஊர்ந்து மேலே போய், மெல்லிய தோலாகப் பார்த்து வாயைச் செருகும். முட்டியின் பின்பக்கம், தொடை இடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்கு என்றால் தலைமுடி ஓரம், காதுக்குப் பின்னால். அதன் எச்சிலே மரத்துப்போக வைத்துவிடுவதால் வலி தெரியாது. கொசு கடித்தாலாவது அடிக்கத் தோன்றும். இது நாள் கணக்கில் குடிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் இவை மும்முரமாக இருக்கும். பெரியதைவிட கசகசா அளவில் இருக்கும் இளம் பருவத்து உண்ணிதான் ஆபத்து, ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை.

தூங்கி எழுந்ததில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் டாக்சி பிடித்தேன், 30 பவுண்டு. அன்றைக்கு அதுதான் பெரிய நஷ்டம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் அழுத்தமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்காமல் படுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவுடன் துணியைக் கழற்றி உதறி, உடம்பைத் தடவிப் பார்த்து, குளித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. உண்ணி ஒட்டி 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் குளிக்கும்போது இடது முட்டிக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் எள் மாதிரி ஒரு கறுப்பு. மச்சம் என்று நினைத்தேன், ஆனால் அங்கே எனக்கு மச்சம் கிடையாது. காய்ந்த பொருக்கு என்று நகத்தால் சுரண்டி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அதற்குக் கால்கள் இருந்தன. எட்டு. அசைந்தன. வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நம்ம ஊரில் நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி பிடுங்கிப் பார்த்து வளர்ந்தவள்தான், அதனால் அருவருப்பாக இருந்ததே ஒழிய பயம் வரவில்லை. நகத்தால் சுரண்டக் கூடாது. நெருப்பு வைப்பது, வாசலின் தடவுவது, எண்ணெய் விடுவது எதுவும் கூடாது, அது மிரண்டு வயிற்றில் இருப்பதை உள்ளே கக்கிவிடலாம். கூர்மையான முனை உள்ள ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், நேராக மேலே ஒரே சீராக இழுக்க வேண்டும். உண்ணி எடுப்பதற்கென்றே சின்னக் கொக்கி மாதிரி பிளாஸ்டிக் கருவி மருந்துக் கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. இதைத் திருகித்தான் எடுக்க வேண்டும், கூடவே வரும் தாளில் போட்டிருக்கும். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தத் தேதியை போனில் குறித்து, கடித்த இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இதில் எதையும் செய்யவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சுமார் இரண்டு வாரம் கழித்து, ஜூலை முதல் வாரத்தில், அதே இடத்தில் ஒரு வட்டம் வந்தது. சிவப்பாக இல்லை. என் நிறத்துக்கு அது கன்றிப்போன மாதிரி, பழுத்த நாவல்பழத்தைத் தேய்த்த கறை மாதிரி இருந்தது. ஓரம் கொஞ்சம் கருமை, நடுவில் தோல் நிறம். நம் வீட்டில் இதைப் பார்த்தால் யாருமே ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: படர்தாமரை. நானும் அதையேதான் சொன்னேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். ‘படர்தாமரைதான்டி, டைட்டா லெக்கிங்ஸ் போடாதன்னா கேக்கிறியா’ என்று பதில் வந்தது. மருந்துக் கடைக்குப் போய், யாரிடமும் காட்டாமல், அலமாரியிலிருந்து பூஞ்சைக் களிம்பு ஒன்றை எடுத்து வந்தேன். ஆறு பவுண்டு சொச்சம். பத்து நாள் தடவினேன். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் உள்ளங்கை அளவுக்கு வந்தது, பிறகு தானாக வெளுக்கத் தொடங்கியது. களிம்பு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வட்டம் மருந்து இல்லாமலும் தானாகவே மங்கும் என்று அப்போது தெரியாது.

லைம் நோயின் அடையாளம் அந்த வட்டம். பொரேலியா என்ற பாக்டீரியாவால் வருவது, பெரும்பாலும் உண்ணி கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் வரும். எங்கே தேடினாலும் வெள்ளைத் தோலில் செக்கச் செவேலென்று அம்பு எய்யும் பலகை மாதிரிப் படம்தான் வரும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கன்றல் மாதிரியோ வெறும் கருமையாகவோ இருக்கும், நடுவில் வெளுப்பு இல்லாமலும் இருக்கலாம். அதனால் நிறத்தைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். படர்தாமரை பெரும்பாலும் நமநமவென்று அரிக்கும், ஓரத்தில் செதில் உதிரும். இது பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது, விரல் வைத்துத் தடவினால் வழவழவென்றே இருக்கும், நாளுக்கு நாள் அகலமாகும். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு இரண்டு நாள் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடித்த மறுநாளே வரும் சின்னச் சிவப்புத் தடிப்பு வேறு, அது சாதாரணக் கடி, ஓரிரு நாளில் அடங்கிவிடும். எல்லாருக்கும் வட்டம் வரும் என்றும் இல்லை.

ஜூலை நடுவில் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி, கழுத்து திரும்ப மறுத்தது, படியேறினால் உட்காரச் சொன்னது. மூன்று நாள் லீவு, சம்பளம் கிடையாது. மருத்துவரிடம் போனில்தான் பேச முடிந்தது. வைரஸாக இருக்கும், பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் ‘தோலில் ஏதாவது தடிப்பு?’ என்று கேட்டார். நான் ‘இல்லை, படர்தாமரை இருந்தது, சரியாகிவிட்டது’ என்றேன். காட்டுக்குப் போனது, உண்ணி எடுத்தது, இரண்டையும் சொல்லவில்லை, சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. நீங்கள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: இந்தத் தேதியில் ஹீத்தில் நடந்தேன், இந்தத் தேதியில் உண்ணி எடுத்தேன், இந்தத் தேதியில் வட்டம் வந்தது. படத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வட்டம் தெளிவாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாம் என்பதுதான் இங்குள்ள மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல். அப்படியே ரத்தம் எடுத்தாலும், ஆரம்ப வாரங்களில் எதிர்ப்புப் புரதம் உருவாகாததால் ‘இல்லை’ என்று முடிவு வரலாம், அதை நம்பி நோய் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகி சட்டையை நனைத்தது. மறுபடி வாயில் ஊற்றினேன், மறுபடி ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். வலது கண் இமைத்தது, இடது கண் இமைக்கவில்லை. சிரித்துப் பார்த்தேன், பாதி முகம்தான் சிரித்தது, மறுபாதி யாரோ ஒரு அந்நியர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு 29 வயது. பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். கத்தினேன். கீழறையில் இருக்கும் கேரளத்துப் பெண் ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கு என்றாள், தூக்கினேன். 999-க்குப் போன் போட்டாள். அவள் செய்தது சரி. முகம் கோணினால் அது நரம்பா மூளையா என்று நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது, ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியின் வலது பாதியில் மட்டும் கோடு விழுந்தது. மூளையில் அடைப்பு என்றால் பொதுவாக நெற்றி தப்பிக்குமாம், நெற்றியும் சேர்ந்து விழுந்தால் முகத்து நரம்பில் கோளாறாம். அவசரம் இல்லை என்று ஆனதும் வரிசையின் கடைசிக்குப் போனேன். ஏழு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு வந்த இன்னொரு டாக்டர் கேட்டார்: ‘கடந்த இரண்டு மூன்று மாதத்தில் காட்டுப் பக்கம் போனீர்களா?’ எனக்கு வயிற்றுக்குள் ஏதோ கவிழ்ந்தது. போனை எடுத்து, அக்காவுக்கு அனுப்பிய படத்தைத் தேடிக் காட்டினேன். தேதியோடு இருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘இது படர்தாமரை இல்லை’ என்று மட்டும் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், பிறகு அது லைம் என்றே வந்தது. ஆனால் முடிவு வரும்வரை காத்திராமல் அன்றைக்கே மருந்து எழுதிவிட்டார்.

டாக்ஸிசைக்ளின், 21 நாள். மருந்துச் சீட்டுக் கட்டணம் 9.90 பவுண்டு, அவ்வளவுதான். ஜூலை முதல் வாரத்தில் இதைச் சாப்பிட்டிருந்தால் முகம் தப்பித்திருக்கும் என்று நினைக்கும்போது அந்த 9.90 இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. மருந்து தொடங்கிய முதல் நாள் ராத்திரி குளிரும் நடுக்கமும் வந்து உடம்பு முன்னைவிட மோசமானது. ஒவ்வாமையோ என்று பயந்து, மருத்துவ ஆலோசனைக்கான 111-க்குப் போன் போட்டேன். சாகிற கிருமிகளால் முதல் ஒருநாள் சிலருக்கு அப்படி ஆகுமாம், மூச்சுத் திணறலோ வீக்கமோ இல்லை என்றால் மருந்தை நிறுத்த வேண்டாம் என்றார்கள். இந்த மாத்திரையைப் பால் காபியோடு போடக் கூடாது, பாலும் இரும்புச் சத்து மாத்திரையும் அதை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. நான் முதல் மூன்று நாள் காபியோடுதான் போட்டேன். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், போட்டவுடன் படுத்தால் நெஞ்சு எரியும். வெயிலிலும் நிற்கக் கூடாது. நமக்கெல்லாம் வெயில் சுடாது என்று நினைத்து ஒரு நாள் தோட்டத்தில் உட்கார்ந்தேன், கை இரண்டும் எரிந்தது.

கண்தான் பெரிய தொல்லை. இமை மூடாததால் கண் காய்ந்துபோகும், காய்ந்தால் கருவிழியில் புண் வரும். பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு வைத்து, இமையைக் கையால் மூடி, மைக்ரோபோர் டேப் ஒட்டித் தூங்கினேன். சாப்பாடு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேங்கும், விரலை விட்டு எடுக்க வேண்டும். அதைவிட மோசம் பேச்சு. ப, ம, வ மூன்றும் உதட்டில் நிற்கவில்லை. அம்மாவுக்கு வீடியோவில் வராமல் பத்து நாள் ஏதேதோ சாக்குச் சொன்னேன். பதினோராம் நாள் வெறும் போனில் பேசும்போது, ‘அம்மா’ என்று கூப்பிட்டேன், உதடு சேராமல் காற்றுதான் போனது. ‘ஏத்தா, வாயில என்ன வச்சிருக்க?’ என்றாள். அழுகை வந்துவிட்டது, எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘உண்ணிக் காய்ச்சலா? அது நம்ம ஊர்லயும் இருக்குத்தா, மேலத் தெருப் பிள்ளைக்கு வந்துச்சு, இடுப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு. இதே டாக்ஸின்ற மாத்திரைதான் குடுத்தாங்க’ என்றாள். அம்மா சொன்னது ஸ்கரப் டைபஸ். கிருமி வேறு, கடிப்பதும் உண்ணி இல்லை, அதன் உறவுக்காரப் பூச்சியின் இளம்பருவம், ஆனால் மாத்திரை ஒன்றுதான். லண்டனில் கூகிளைக் கேட்காமல் தேனியில் அம்மாவைக் கேட்டிருந்தால் அவளாவது ‘பூச்சி எதுவும் கடிச்சுச்சா’ என்று கேட்டிருப்பாள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 13.50, வாரத்துக்கு 37.5 மணி. நாலு வாரத்துக்கு 2,025 பவுண்டு வர வேண்டியது. அரசு விதிப்படியான நோய்க்காலப் படி அந்த வருஷம் வாரத்துக்கு 116.75 பவுண்டு, அதிலும் முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. 397 பவுண்டுக்குள்தான் வந்தது. வாடகை பாதியை அண்ணன் அனுப்பினான். விசாவுக்கே மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டி வாங்கிவிடுகிறார்கள் என்பதால் மருத்துவமனையில் பணம் கேட்கவில்லை. மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் நோய்க்காலப் படி தங்களுக்கு உண்டா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது உண்டு என்பதே இரண்டாவது வாரம்தான் தெரிந்தது, யாரும் தானாக வந்து தரவில்லை, சீட்டு கொடுத்துக் கேட்டு வாங்கினேன்.

முகம் திரும்பிவர செப்டம்பர் கடைசி ஆனது. முதலில் இமை துடித்தது, பிறகு உதட்டோரம். குளிர் காற்றில் நின்றால் இப்போதும் இடது கண் தன் பாட்டுக்குக் கொஞ்சம் துடிக்கும். ஹீத்தில் ஊதாப் பூ பூத்து முடிந்த ஆகஸ்ட் முழுக்க நான் கண்ணில் டேப்போடு ஜன்னலோரம் படுத்திருந்தேன், அதில்தான் எனக்கு ஆத்திரம்.

அதனால் 2025 ஆகஸ்டில் மறுபடியும் போனேன். அம்மாவிடம் சொல்லாமல். இந்த முறை வெளிர் சாம்பல் நிறத்தில் முழுப் பேன்ட், அதை சாக்ஸுக்குள் செருகி, பார்க்க எங்க ஊர் போஸ்ட்மேன் மாதிரி. காலுக்குப் பூச்சி விரட்டி அடித்துக்கொண்டேன். பையில் ட்வீசர், உண்ணிக் கொக்கி, உட்கார ஒரு தார்பாய் விரிப்பு. பூ இருந்தது, அந்தப் படத்தில் இருந்ததைவிட அதிகமாகவே. தேனீ இரைச்சல் காதை அடைத்தது. புளியோதரையைப் பலகைப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, கையாலேயே சாப்பிட்டேன். கோடால்மிங் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது குனிந்து பார்த்தேன். பேன்ட்டின் இடது முட்டிக்குக் கீழே, சாம்பல் துணிமேல், கசகசா அளவில் ஒரு கறுப்புப் புள்ளி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. செலோ டேப்பில் ஒட்டி எடுத்து, டேப்பை மடித்து, பேனாவால் அதன்மேல் தேதி எழுதிப் பைக்குள் வைத்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் காலுறையைக் கீழே இறக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.